எங்கள் பக்கத்துக் கமிஷன்

வீடு விற்றவர்கள் எல்லோருக்கும் புரோக்கரைத் திட்ட ஒரு காரணம் இருக்கும். கதவைத் திறந்து காட்டியதற்கு இரண்டு பர்சன்ட்டா, பகல் கொள்ளை என்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் வீட்டை விற்றுக் கொடுத்தவர் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, எங்களுக்கு மாமா. அவர் பைசா வாங்காமல் போனதற்காகத்தான் இன்றுவரை அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீடு கடலூர் முதுநகரில் இருந்தது. ஜங்ஷனிலிருந்து நடந்தே வந்துவிடலாம். முன்பக்கம் ஓடு, பின்பக்கம் அப்பா பிற்பாடு கட்டிய தளம் போட்ட ஓர் அறை. அந்த அறைக்குச் சிவப்புச் சிமென்ட் தரை, பக்கத்துச் சந்தில் தனியாக ஒரு வாசல். அதில்தான் அண்ணன் இருந்தான்.

அண்ணனைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மனசு மட்டும் ஏழெட்டு வயதிலேயே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். தானாகக் குளிப்பான், தானாகச் சாப்பிடுவான், சட்டைப் பொத்தானை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்வான். காலையில் டீக்கடையில் ஒரு பன் எடுத்துக்கொள்வான். கணக்கை அம்மா மாதம் ஒருமுறை தீர்ப்பாள். சாயங்காலம் ஜங்ஷனில் உட்கார்ந்து ரயில் பார்ப்பான். பொழுது சாய்ந்தால் மீன் விற்கிற அம்மாவோ ஆட்டோக்காரரோ யாராவது ஒருவர் "வூட்டுக்குப் போ, ஒங்கம்மா தேடும்" என்று திருப்பிவிடுவார்கள். அம்மா வளர்த்தாள் என்று சொன்னால் அது பாதிதான். மீதியை அந்தத் தெரு வளர்த்தது. வீட்டுக்கு வந்தால் சந்து வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பான். அதில் மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை.

அம்மா இருக்கும்போதே வீட்டை என் பேருக்கும் தம்பி பேருக்கும் செட்டில்மென்ட் எழுதிவிட்டாள். அண்ணன் பேரைச் சேர்த்தால் பின்னால் கோர்ட்டு, கார்டியன் என்று அலைய வேண்டிவரும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "வீட்ட என்னா வேணா பண்ணிக்கிங்க, அவன மட்டும் அந்த ரூம வுட்டுக் கௌப்பிடாதீங்க" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அம்மா போன பிறகு எதிர்வீட்டு அக்கா அண்ணனுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தார். நான் அதற்குப் பணம் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வந்தேன். எனக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. என் கணவர் இறந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. அவர் வீட்டில் அவரோடுதான் இருக்கிறேன். ஊரை மாற்றலாம் என்று நான் வாயைத் திறந்தாலே, "என்னப் பாடையில தூக்கிட்டு நீ எங்க வேணா போ" என்பார். தம்பியோ சென்னையில் ஃப்ளாட் வாங்கிவிட்டுக் கழுத்துவரை லோனில் இருந்தான். அவனுக்குத் தன் பங்கு உடனே வேண்டும். ஓடு ஒழுகுகிறது, வீடு கரைகிறது, இப்போது விற்றால்தான் உண்டு என்று தினம் ஒரு போன். எனக்கு ஒரே நிபந்தனைதான்: பின்னறை அண்ணன் இருக்கிறவரைக்கும் அண்ணனுக்கு. அதற்கு ஒப்புக்கொண்டு யார் வாங்கினாலும் சரி.

முதலில் வந்தவர் முன்பின் தெரியாத ஒரு புரோக்கர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், அவன் அறையை எட்டிப் பார்த்தார். பிறகு நின்ற இடத்திலேயே சொன்னார்: "எனக்கு ரெண்டு பர்சன்ட் குடுத்துருங்க. வாங்குற பார்ட்டிக்கு வேற ஆளு வருவான், அவன் அவுங்களுக்குப் பேசுவான், நான் ஒங்களுக்குப் பேசுறேன். ஆனா இவரு உள்ளயே இருக்கணும்னா வெல கொறையும். அத பத்திரத்துலயே எழுதி வாங்கிக்கிங்க. வாய்ப்பேச்சு வாணாம்."

அவர் தலை மறைந்ததும் தம்பி பொரிந்து தள்ளினான். வந்ததும் வராததுமாகக் காசு, அடுத்த வார்த்தை விலை குறையும் என்று அபசகுனம். எனக்கும் அந்த ஆளைப் பிடிக்கவில்லை. நமக்குக் கறாராகப் பேசுகிறவனைக் கண்டால் ஆகாது. சிரித்துப் பேசி, டீயை ஊதிக் குடித்து, "என்னாம்மா இளைச்சிட்ட" என்று கேட்கிறவன் வேண்டும்.

அப்படிப்பட்டவர் மறுநாளே வந்தார். "நான் என்னா செத்தா பூட்டேன்? அசலான உள்ள வுட்டிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமாவுக்கு ஆபீஸ் கிடையாது. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சுதான் ஆபீஸ். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு செல்போன். கடலூரில் எந்த மனையைச் சொன்னாலும் அதன் நாலு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று ஒப்பிப்பார். மனை எங்கே இருக்கிறது என்று மட்டும் கடைசிவரை சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் நீங்களே நேராகப் போய்விடுவீர்களே.

தம்பி ஒரு மரியாதைக்கு, "ஒங்க கமிஷன் எவ்ளோ மாமா?" என்று கேட்டான்.

மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு, சுவரில் இருந்த அம்மா படத்தைக் காட்டினார். "அக்கா வூட்டுல கமிஷன் வாங்கிட்டு, அந்தப் படத்துக்கு நான் எப்டிப்பா மாலை போடுவேன்? பைசா வாணாம். வேற யாருக்காவுது இந்த வேலய குடுத்தீங்கன்னா அப்பறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. எங்கள் பக்கம் இது எழுதாத சட்டம். சொந்தத்துக்குள் தரகுக்காசு வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. எடுத்து நீட்டினால் "என்ன அசலானாக்கிட்டியே" என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே யாரும் நீட்டுவதில்லை. தம்பிக்கு இரண்டு பர்சன்ட் மிச்சம் என்று உள்ளூரக் குளிர்ச்சி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? நாங்களும் பார்க்கவில்லை.

அண்ணன் விஷயத்தை நான் தனியாக எடுத்துச் சொன்னேன். மாமா முழுக்கக் கேட்டார். "தாராளமா இருக்கட்டும். அவன் எனக்கு மருமவன் இல்லியா?" என்றார். பத்திரத்தில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதினா வில்லங்கம் மாதிரி தெரியும்மா. பார்ட்டி பயந்து ஓடிப்பூடுவாரு. நான் எதுக்கு நடுவுல இருக்கேன்?"

நடுவில் என்று அவர் சொன்னதை அன்றைக்கு நான் சந்தேகப்படவில்லை.

வாங்க வந்தவர் வளைகுடாவில் கடை வைத்திருந்து திரும்பியவர், கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். மாமா அவரைப் 'பாய்' என்பார், அல்லது 'பார்ட்டி' என்பார். எனக்கு அவர் முகம் தெரியாது, நம்பர் தெரியாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது மாமாவின் தொழில் தர்மம். "நீ ஒன்னு சொல்லுவ, அவரு ஒன்னு சொல்லுவாரு, பேரம் ஒடஞ்சிடும். ரெண்டு பேரும் எங்கிட்டயே சொல்லுங்க."

பாய் வீடு பார்க்க வரும் அன்று மாமா காலையிலேயே போன் செய்தார். "இன்னிக்கு நாள் நல்லா இருக்குது. அண்ணனக் கூட்டிக்கினு திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்ட்டு வாம்மா. வீடு நல்லபடியா முடியணும்னு வேண்டிக்க. சாவிய எதிர்வூட்டுல குடுத்துட்டுப் போ." போனேன். படி ஏறினோம், இறங்கினோம். மொட்டை போட்ட குழந்தைகளைப் பார்த்து அண்ணன் சிரித்தான். கெடிலம் ஆற்றில் தண்ணீர் இல்லை என்று அவனுக்கு வருத்தம். நான் பெருமாளிடம் அந்தப் பாய் நல்லவராக இருக்க வேண்டும் என்று உருகி உருகி வேண்டிக்கொண்டேன். பெருமாள் அந்த வரத்தைக் கொடுத்துவிட்டார், பாய் நல்லவர்தான். நான் வேண்டிக்கொள்ள வேண்டிய ஆள் வேறு.

அக்ரிமென்டை மாமாவே சிதம்பரத்துக்கு எடுத்துவந்து கையெழுத்து வாங்கினார். "அண்ணன் ரூம் விஷயம் பேசிட்டீங்களா மாமா?"

"பேசியாச்சும்மா. தங்கமான மனுஷன்."

"என்ன சொன்னாரு?"

"அதான் பேசியாச்சுங்குறனே. ஒனக்கு ஏன் ஜாஸ்தி யோசன?" என்று என் மாமியாரின் இடுப்பைப் பற்றி விசாரிக்கக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

பதிவு அன்று தம்பி சென்னையிலிருந்து வந்திருந்தான். கேமராவைப் பார்த்தோம், விரலை வைத்தோம், கையெழுத்துப் போட்டோம். வெளியே ஜெராக்ஸ் கடை நிழலில் பாய் என்னிடம் வந்தார். என்னைவிடச் சின்னவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். "சாவிய இன்னிக்கே தரலன்னாலும் பரவால்லம்மா. இந்த மாசக் கடைசிக்குள்ள குடுத்தா போதும். இடிக்கிறதுக்கு ஆளு சொல்லிட்டேன். எங்க உம்மாவால மாடி ஏற முடியாது, கீழயே ஒரு ரூம் போட்டுக் கட்டணும்."

எனக்கு முதலில் புரியவில்லை. "பின்னாடி ரூமு?" என்றேன்.

"எல்லாந்தான். அது தெறக்கவே இல்லியே அன்னிக்கு. சாமான் போட்டு வச்சிருக்காங்கன்னு ஒங்க மாமா சொன்னாரு."

அந்தச் சாமானைத்தான் நான் திருவந்திபுரத்தில் படி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

நான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பாயின் முகம் வெளுத்துவிட்டது. "அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா நான் இந்த வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டேன். உம்மா நடமாடுற எடம், வேற ஆம்பளைய வச்சிக்க முடியாது. நானும் கையில இருந்த காசு எல்லாத்தயும் இதுல போட்டுட்டேன். ஒங்க பக்கத்துக் கமிஷனையும் நானே சேத்துக் குடுத்திருக்கேன். நீங்க சொந்தமாம், ஒங்ககிட்ட வாங்க மாட்டாராம், ரெண்டு பக்கத்தயும் நீங்களே குடுத்துருங்கன்னாரு."

மாமா கொஞ்சம் தள்ளி நின்று யாருக்கோ இனிப்பு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "அப்பறம் பேசிக்கலாம்மா, நல்ல நாளும் அதுவுமா" என்றார். எனக்கு வாயில் என்ன வந்ததோ எல்லாவற்றையும் சொன்னேன். படிப்பு, உத்தியோகம், நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் போன இடம் தெரியவில்லை. தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான். "கையெழுத்துப் போட்டாச்சுக்கா. வுடு." அவனையும் சேர்த்துத் திட்டினேன். அவன் அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான்.

இரண்டு பக்கத்துக் காசையும் ஒருவரே கொடுத்தால் புரோக்கர் யாருடைய ஆள் என்பதைச் சின்னக் குழந்தையும் சொல்லும். நாங்கள் மட்டும் எங்கள் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் அவர் பந்தி பரிமாறியதை நினைத்து அவரை எங்கள் ஆள் என்று நம்பியிருந்தோம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். கமிஷன் கைக்கு வந்தால் அதுவும் ஆடாது போலிருக்கிறது.

மாசக் கடைசியில் அண்ணனைச் சிதம்பரத்துக்குக் கூட்டிவந்தேன். ரயில் என்றதும் குதித்துக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் செருப்போடு நடந்தான். கழற்றச் சொன்னால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வூட்டுக்குப் போய்க் கழட்டுறேன்" என்றான். மாமியார் கட்டிலிலிருந்து கத்தித் தீர்த்தார். அவன் அசையவில்லை.

இங்கே அவனை யாருக்கும் தெரியாது. இரண்டாவது வாரம் ஒரு கடையில் பன்னை எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறான், முதுநகரில் எடுத்ததைப் போலவே. கடைக்காரன் விட்ட அறை கன்னத்தில் விரல் விரலாகப் பதிந்திருந்தது. அழவில்லை. "அம்மா காசு குடுக்கலியா?" என்று மட்டும் என்னைக் கேட்டான். நான் அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். போட்டு என்ன? ஒரு தெருவுக்கு ஐம்பது வருடம் தெரிந்த முகத்தை இன்னொரு தெருவுக்கு நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்.

ஒருநாள் ஆபீசில் இருக்கும்போது மாமாவிடமிருந்து போன். பதிவுக்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. "ஒங்கண்ணன் இங்க வந்து படுத்திருக்கான்" என்றார். காலையிலிருந்து அவன் வீட்டில் இல்லாதது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ரயில் அவனுக்குப் பழக்கம், ஸ்டேஷனும் தெரிந்திருக்கிறது, ஏறிவிட்டிருக்கிறான். "நல்லா இருக்கானா மாமா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு என்னா. வேல செய்றவன் எல்லாம் நிக்கிறான். பார்ட்டி கோச்சிக்கிறாரும்மா. வந்து கூட்டிக்கினு போ."

பார்ட்டி கோபித்துக்கொள்கிறாராம். நான் போனை அப்படியே வைத்துவிட்டேன்.

முதுநகரில் வீடு இல்லை. ஓடு இல்லை, சுவர் இல்லை, சந்து வாசல் இல்லை. செங்கல் குவியலுக்கு நடுவே அந்தச் சிவப்புச் சிமென்ட் தரை மட்டும் வெயிலில் கிடந்தது. அதன்மேல் அண்ணன் கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். ஆட்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். மாமா குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். சந்துப் பக்கம், சுவர் இருந்த கோட்டுக்கு வெளியே, இரண்டு செருப்பும் ஜோடி சேர்ந்து இருந்தன.

என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தான். "செவுத்த யாரு எடுத்தாங்க?" என்று கேட்டான்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் என் முதுகைத் தடவிக்கொடுத்தான். செருப்பைப் போடவைத்து அவனைக் கிளப்புவதற்குள் வெயில் இறங்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் பங்குக்கு உண்டான கமிஷனைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சுக்குப் போனேன். மாமா கவரைப் பார்த்ததும் பழையபடி நாக்கைக் கடித்தார். "என்னாம்மா இது, சொந்தத்துல..."

"மாமாவா வாங்க வாணாம். புரோக்கரா வாங்கிக்கிங்க. அந்தத் தெருவுல, இல்லன்னா பக்கத்துத் தெருவுல, அண்ணனுக்கு ஒரு ரூம். எதிர்வூட்டு அக்கா சோறு குடுக்கும். எவ்ளோ வாடகன்னாலும் தரேன். எங்களுக்குப் பேசுங்க. இந்த ஒரு தடவ எங்க பக்கம் நின்னு பேசுங்க."

வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். டீயைக் குடித்து முடித்தார். பிறகு கவரை எடுத்துச் சட்டைப்பையில், இரண்டு செல்போனுக்கும் பின்னால் வைத்துக்கொண்டார். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவர், முதல்முறையாக மரியாதை கொடுத்துப் பேசினார்.

"பாருங்கம்மா. காசு வாங்கிட்டேன், உள்ளத சொல்லிடுறேன். முதுநகர்ல அவனுக்கு யாரும் ரூம் குடுக்க மாட்டாங்க. தனி ஆம்பள, புத்தி பத்தாது, பக்கத்துல பொம்பளப் புள்ளைங்க இருக்குதும்பாங்க. அவுங்கம்மா வூட்டுல இருந்த வரைக்கும் அவன் அந்தத் தெருவுப் புள்ள. வாடகைக்குக் கேட்டா பைத்தியக்காரன். நான் வேணா பத்து வீடு காட்டுறேன், பத்தும் இல்லம்பாங்க. அவனுக்கு இந்த ஊர்ல அந்த ஒரு ரூம்தான் இருந்துது. அத வித்திருக்கவே கூடாது. பாதி வெலைக்கு முன்பக்கத்த மட்டும் பிரிச்சுக் குடுத்திருக்கலாம்."

"இது அன்னிக்கே தெரியுமா மாமா?"

"எனக்குத் தெரியாமயா? இதான் தொழிலு."

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

மாமா டீக்காசை வைத்துவிட்டு எழுந்தார். "அன்னிக்கு நீங்க காசு குடுக்கலியேம்மா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. விலையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

வாங்கிய காசுக்கு வஞ்சகம் இல்லாமல் அவர் பத்து வீடும் காட்டினார். பத்து வீட்டிலும் இல்லை என்றார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் அண்ணனைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். அவர்கள் உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு இல்லை என்றார்கள்.

இப்போது சிதம்பரத்து வீட்டு முன்பக்கம் கிரில் கதவு போட்டிருக்கிறேன். மத்தியானம் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வருகிற அம்மாளிடம் ஒரு சாவி, என்னிடம் ஒரு சாவி. காலையில் நான் கிளம்பும்போது அண்ணன் குளித்து, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, செருப்போடு கிரில்லுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

"வூட்டுக்கு எப்பப் போறோம்?" என்று கேட்கிறான்.

"சாயங்காலம்" என்று சொல்லிவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன்.